ஒரு பந்துக்கு மேல்

அண்ணன் மாடிப்படியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டதில் எல்லோரையும்விட அதிகமாக மாட்டிக்கொண்டவள் தங்கைதான். பள்ளி மாணவர்களுக்கான ரோபோ போட்டியை வருடாவருடம் முன்னின்று நடத்துவது அவர். விதிகளை எழுதுவதும் அவரே, தலைமை நடுவரும் அவரே. கட்டுப்போட்ட காலோடு கட்டிலில் கிடந்தபடி, "நீ பாலிடெக்னிக்ல டிராயிங் சொல்லிக்கொடுக்கிறவதானே, ஒருநாள் போய் நின்னா போதும், எல்லாம் விதியில தெளிவா இருக்கு" என்று நடுவர் வேலையை அவள் தலையில் கட்டிவிட்டார்.

அந்தத் தெளிவு எந்த லட்சணத்தில் இருந்தது என்பது காலையில் ரோபோக்களைச் சரிபார்க்க உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

ஆட்டம் எளிமையானது. தரையில் சிதறிக்கிடக்கும் சின்ன ரப்பர் பந்துகளை ரோபோ எடுத்துப்போய்க் கூடையில் போட வேண்டும். மேசைக்கு வந்த முதல் ரோபோவின் முன்னால் அகலமான ஒரு தட்டு. அதில் மூன்று பந்துகள் பக்கம் பக்கமாக உட்கார மூன்று குழிகள். அடுத்ததிலும் அதே மாதிரி. அதற்கடுத்து வந்த ரோபோவிலோ நண்டுக் கொடுக்கு போல ஒற்றைக் கை. ஒரு பந்தைத்தான் அதனால் கவ்வ முடியும். அதைக் கொண்டுவந்த பெண்கள் தட்டுகளைச் சுட்டிக்காட்டினார்கள்.

"மேடம், இது எப்படி? ஒண்ணுக்கு மேல எடுக்கக் கூடாதே!" என்றாள் அந்த அணியின் தலைவி. அவளை அவள் கூட்டாளிகள் வக்கீல் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"யாரு சொன்னது? அடுக்கத்தான் கூடாது" என்றான் தட்டு ரோபோக்காரப் பையன்.

தங்கை விதியைப் புரட்டிப் பார்த்தாள். 'ரோபோ, ஒரு பந்துக்கு மேல் இன்னொரு பந்தை எடுத்து வைக்கக் கூடாது.' முதல் தடவை படித்தபோது வக்கீல் சொல்வது சரியென்று பட்டது. இரண்டாம் தடவை பையன் சொல்வது சரியென்று பட்டது. மூன்றாம் தடவை படிக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. வெளியே நடைக்கூடத்துக்கு வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, அந்தப் பந்து விதி. ஒண்ணுக்கு அதிகமா எடுக்கக் கூடாதுங்கிறியா, இல்ல ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கக் கூடாதுங்கிறியா?"

"தெளிவாத்தானே எழுதியிருக்கேன்."

"தெளிவா இருந்தா நான் ஏன் கேக்கப்போறேன்? ரெண்டுல எது?"

"ரெண்டும்தான்."

"ஒண்ணுக்கு மேல எடுக்கவே கூடாதுன்னா அடுக்குறதுக்கு இன்னொண்ணு எங்கேருந்து வரும்?"

"அதைத்தான் சொல்றேன். ரெண்டுமே கூடாது" என்றார் அண்ணன், ஏதோ பெரிய சிக்கலை அவிழ்த்துவிட்டவர் போல.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "எதுக்காக நீ அந்த வரியை எழுதினேன்னாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

அது அண்ணனுக்கு ஞாபகம் இருந்தது. போன வருஷம் ஒரு ரோபோ பந்துகளைக் கோபுரம் மாதிரி அடுக்கிக்கொண்டு போனது, மேலே இருந்தது விழுந்து பார்வையாளர் நாற்காலிகளுக்கு அடியில் உருண்டு ஓடியது, அதற்காகத்தான் எழுதினேன் என்றார்.

அப்படியானால் தட்டு சரி. அப்பாடா என்று உள்ளே போய்ச் சொன்னாள். வக்கீலின் முகம் சுண்டிப்போய்விட்டது.

"மேடம், நாங்களும் முதல்ல தட்டுதான் செஞ்சோம். சந்தேகமா இருந்ததால சாருக்கே போன் பண்ணிக் கேட்டோம். ஒண்ணுதாம்மான்னு சொன்னாரு. அதுக்கப்புறம்தான் எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டுக் கையை மாட்டினோம்."

மறுபடியும் நடைக்கூடம். மறுபடியும் போன்.

"ஆமா, ஏதோ ஒரு பொண்ணு கேட்டுச்சு" என்றார் அண்ணன் சாவகாசமாக. "பல் டாக்டர்கிட்ட வாயைத் தொறந்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணுதான்னு சொன்னாத்தானே போனை வைக்கும்?"

"அண்ணா!"

"ஏன் கத்துற? ஒண்ணுன்னு சொன்னதுல என்ன தப்பு? விதியிலயும் அதானே இருக்கு?"

போனை அணைத்துப் பைக்குள் போட்டாள். சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதற்குள் அரங்கில் செய்தி பரவிவிட்டது. தட்டு ரோபோ அணிகளின் பயிற்சியாளர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் குரல் தடித்த ஒருவர், "ஏங்க, யாரோ ஒரு அணிக்குப் போன்ல சொன்ன பதில் எங்களை எப்படிக் கட்டுப்படுத்தும்? எங்க காதுக்கு வரவே இல்லையே" என்றார். நியாயமான கேள்வி. "பிள்ளைங்க ராப்பகலா உழைச்சிருக்காங்க" என்றார் இன்னொருவர். எல்லாப் பிள்ளைகளும்தான் உழைத்திருந்தார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனாள். குழாயடிக்குப் பக்கத்தில் வக்கீல் தன் கூட்டாளிகளிடம் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"நாமதான் முட்டாளுங்க. கேட்டிருக்கவே கூடாது. கேக்காம செஞ்சவங்க எல்லாம் ஜாலியா இருக்காங்க பாரு."

தங்கை குழாயை மூடினாள். விதி எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், இந்தப் பெண் இப்படியொரு பாடத்தைக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது என்று தோன்றியது. ஆனால் அதற்காக மற்றவர்களை வெளியே தள்ளவும் முடியாது. திரும்பி வந்து ரோபோக்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒலிபெருக்கியை வாங்கினாள்.

"எல்லாரும் கேளுங்க. அந்த வரியை ரெண்டு விதமாவும் படிக்கலாம். யார் மேலயும் தப்பில்லை, எழுதினவங்க பக்கம்தான் தப்பு. ஒரு அணி கேட்டுச்சு. அதுக்குச் சொன்ன பதிலை எல்லாருக்கும் சொல்லியிருக்கணும், சொல்லல. இப்ப முடிவு இதுதான். ஒரு நேரத்துல ஒரு பந்து. தட்டு வச்சிருக்கிறவங்க ரெண்டு குழியை அட்டையும் டேப்பும் வச்சு அடைச்சுக்குங்க. அதை இங்கேயே செஞ்சுடலாம். கொடுக்கு வச்சிருக்கிற ரோபோவுக்கு இன்னைக்குள்ள இன்னும் ரெண்டு கை முளைக்காது. அதனாலதான் இப்படி. அடைச்சதுக்கப்புறம் எல்லாரும் ஒருதடவை ஓட்டிப் பாத்துக்கலாம்."

"இது அநியாயம்" என்றார் தடித்த குரல்காரர்.

"கொஞ்சம் அநியாயம்தான் சார். இதைவிடக் குறைஞ்ச அநியாயம் ஏதாவது இருந்தா சொல்லுங்க, மாத்திடறேன்."

அவர் அட்டை வெட்டப் போனார்.

அன்று முழுக்க அவளைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. முதல் பரிசு, குழிகளை அடைத்துக்கொண்ட ஒரு தட்டு ரோபோவுக்குத்தான் போனது. அதன் சக்கரங்கள் வேகமானவை. வக்கீலின் அணி மூன்றாவதாக வந்தது. கோப்பையை வாங்கும்போது அந்தப் பெண் நன்றி கூடச் சொல்லவில்லை. கூடையின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்த ஒரு பந்தைப் பற்றித் தன் கூட்டாளியோடு சண்டை போட்டுக்கொண்டே மேடையிலிருந்து இறங்கிப் போனாள். அதைப் பார்க்க நடுவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

சாயங்காலம் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் என்னென்ன கேட்க வேண்டும் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். அண்ணன் தலையணையில் சாய்ந்து, கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டியிருந்தார். அவளைக் கண்டதும் கையிலிருந்த ரிமோட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மைக்குல சொன்னியாமே, எழுதினவங்க பக்கம்தான் தப்புன்னு."

"சொன்னேன்."

"என் பேரைச் சொன்னியா?"

அவருடைய முகத்தைப் பார்த்தாள். ஒத்திகை பார்த்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"இல்ல. எழுதினவங்கன்னு பொதுவாத்தான் சொன்னேன்."

அண்ணன் பெருமூச்சு விட்டார். டீ கொண்டுவந்த அண்ணி டம்ளரை அவளிடம் நீட்டிவிட்டு, "சொல்லியிருக்கணும் நீ" என்றாள். "பேரோட, ரெண்டு தடவை."