இடது பட்டன்

தொழிற்சாலை வாசலில் புது ஆட்கள் முப்பது பேர் நின்றார்கள். பெரிய ஆர்டர் வந்திருக்கிறதாம். ஊரே முதலாளியின் சாமர்த்தியத்தைப் புகழ்ந்தது. ஆர்டர் எப்படி வந்தது என்று உள்ளே வேலை செய்யும் அக்காவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவளை யார் கேட்கப்போகிறார்கள்?

அவள் ஓட்டும், தகட்டை அச்சால் அழுத்தி வெட்டும் பிரஸ் மெஷின், மூடிப்போன வேறொரு ஊர் ஆலையிலிருந்து மலிவாக வந்தது. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அச்சு கீழே இறங்கும். கை நசுங்காமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் வந்தபோதே இடது பட்டனை அழுத்தியபடி கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். வலது கை பட்டனை அழுத்த, இடது கை தகட்டைத் தள்ள, வேலை பறந்தது. சூப்பர்வைசர் கண்டும் காணாமல் இருந்தார். அந்த வேகத்தைக் காட்டித்தான் ஆர்டரைப் பிடித்தார்கள்.

மெஷினோடு வந்த மெக்கானிக் ஒருநாள் போகிறபோக்கில் சொன்னான். "இதுல முன்னாடி இருந்த அம்மாவுக்கு மூணு விரல் போச்சுக்கா."

அன்றோடு அவள் நிம்மதி போனது. தகட்டைத் தள்ளும்போதெல்லாம் தன் கைக்கு முன்னால் இன்னொரு கை போவது போலிருக்கும். பட்டப்பகலில், அத்தனை இரைச்சலுக்கு நடுவில், சட்டென்று கையை இழுத்துக்கொள்வாள். பயந்து செத்தாள். ஆனாலும் கம்பியை அவிழ்க்கவில்லை. வேகத்தால் கிடைத்த நல்ல பேரை வைத்துத் தங்கைக்கும் இங்கே ஒரு வேலை வாங்கிவிட வேண்டுமென்று ஆபீசுக்குக் கால் தேய நடந்துகொண்டிருந்தாள்.

வேலை கிடைத்தது. எந்த மெஷின் என்று பார்த்தால், இதே மெஷின், அடுத்த ஷிப்ட்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது பொய்யில்லை. தங்கை உட்காருவதற்குள் அக்கா கம்பியை வெட்டி எறிந்தாள்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "என்னம்மா பண்றே? வேகம் குறைஞ்சா ஆர்டர் போயிடும். ஆர்டர் போனா, புதுசா வந்தவங்கதான் முதல்ல வீட்டுக்குப் போவாங்க."

"போகட்டும் சார். கையோட போகட்டும்."

தங்கைக்கு முகம் சிவந்தது. "ஏன்க்கா, நீ மட்டும் கட்டிவச்சு ஓட்டி நல்ல பேர் வாங்கலாம், நான் வாங்கக் கூடாதா? என் பொழப்புல மண்ணைப் போடாதே."

"விரல் போயிடும்டி."

"உனக்குப் போச்சா?"

சூப்பர்வைசர் புதுக் கம்பியை நீட்டினார். தங்கையே வாங்கி, குனிந்து, இறுக்கிக் கட்டினாள். அச்சு இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது.

"பாருக்கா, உன்னைவிட வேகம்!" என்று சிரித்தாள் தங்கை, கையைப் பார்க்காமல், அக்காவைப் பார்த்தபடியே.