கன்னத்துப் புகையிலை

காரிமங்கலம் புளி மண்டியில் மேஸ்திரி அதட்டினால் போதும், பதினாறு வயசு மல்லம்மாவின் கை மடியிலிருக்கும் புகையிலையைத் தேடும். ஒரு துண்டைக் கிள்ளிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் நடுக்கம் நிற்கும். வாய் அடைத்திருப்பதால் பதில் பேசவும் வேண்டாம். ஜெர்மன் சண்டை தொடங்கின வருசம் வேலைக்கு வந்தவள், நாலு வருசத்தை இப்படித்தான் ஓட்டினாள்.

அன்றைக்குத் தங்கச்சி செவ்வந்தியும் முதல்முதலாகக் கொட்டையெடுக்க வந்திருந்தாள். புளியில் ஒரே ஒரு கொட்டை தங்கிவிட்டதென்று, அந்தப் பத்து வயசுக் குழந்தையின் காதை மேஸ்திரி திருகினான். அவள் விசும்பிக்கொண்டே அக்காவிடம் கையை நீட்டினாள்.

"பயமா இருக்குதுக்கா. எனக்கும் கொஞ்சம் பொகையில குடு."

மல்லம்மா எழுந்தாள். வாயிலிருந்ததை மேஸ்திரியின் காலடியில் துப்பினாள். உடம்பு வெடவெடவென்று ஆடியது. ஆடினால் ஆடட்டும்.

"இன்னொருக்கா அவ மேல கைய வெச்சுப் பாரு."