ஈரத்துக்கு நான்தான் காரணமாம்

சுத்தியலோடு நான் குளியலறைக்குள் நுழைந்தபோது இருந்த கோபத்துக்கு டைல்ஸ் என்ன, கட்டடத்தையே பெயர்த்திருப்பேன். நாளைக்கு நான் லேடீஸ் ஹாஸ்டலுக்குக் குடிபோக வேண்டும் என்று தம்பி சொல்லிவிட்டான். அறைகூடப் பேசி முடித்துவிட்டானாம். என்ன குற்றம் செய்தேன்? குளித்தேன். ஐம்பது வயதைத் தாண்டியவளை வீட்டைவிட்டு அனுப்ப உலகத்தில் வேறு காரணமே கிடைக்கவில்லை.

குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியும் அவன் மனைவியும் படுக்கும் அறை. அந்தச் சுவர் ஈரம் கண்டு, ஒட்டி நிற்கும் அலமாரியில் அவள் துணியெல்லாம் பூஞ்சை பிடித்தது. டைல்ஸ் இடுக்குகளை அடைக்கும் கிரவுட் பூச்சு உதிர்ந்துபோனதுதான் காரணம் என்று முதலில் மூன்று பேருக்குமே தெரிந்திருந்தது. போன வருடம் நானும் அவளும் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், தம்பி லீவு போட்டு, பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசியதாகச் சொன்னான். பார்க்கவும் வெள்ளை வெளேரென்றுதான் இருந்தது. ஈரம் மட்டும் நிற்கவில்லை. பழி என் வாளியின் மேல் விழுந்தது.

"அவ ரொம்ப வருத்தப்படுறாக்கா. நீ மொண்டு மொண்டு செவுத்துல ஊத்துறியாம்" என்றான் தம்பி. 'ஆம்' போட்டுப் பேசுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

அன்றிலிருந்து எனக்கு அரை வாளித் தண்ணீர்தான். கதவோரம் குந்தி உட்கார்ந்து, திருட்டு வேலை செய்கிறவளைப் போலக் குளித்தேன். என் தலையைத் துவட்டும் முன் சுவரைத் துவட்டினேன், இந்தக் கூத்து எங்கேயாவது உண்டா? ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் நாளெல்லாம் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவள், வீட்டுக்கு வந்து தண்ணீரைக் கண்டு பயந்தேன். அப்படியும் ஈரம் காயவில்லை. உடனே ஹாஸ்டல். போகிறேன், ஆனால் கெட்ட பெயரைச் சுமந்துகொண்டு போகமாட்டேன் என்று கடைக்குப் போய் கிரவுட்டும் உளியும் வாங்கி வந்தேன். தம்பி வெளியே போயிருந்தான்.

முதல் இடுக்கில் உளியை வைத்து ஒரே தட்டு. கிரவுட் என்றால் கல்லாகக் கிடக்க வேண்டும். இதுவோ மேலே காய்ந்த தோலாய் உரிந்தது, உள்ளே கொழகொழவென்று விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தேன். கிராம்பு வாசனை.

"இங்க வாம்மா! சீக்கிரம் வா!" என்று கத்தினேன்.

தம்பி மனைவி சண்டைக்குத் தயாரான முகத்தோடு வந்தாள். விரலை அவள் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

"ஐயோ, பல்லு தேய்க்கிற பேஸ்ட்டு!" என்றாள். அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, இவரு கிரவுட் பூசின அன்னிக்கு வீட்டுல இருந்த டியூப் எல்லாம் காலி. கேட்டதுக்கு, அக்காதான் அள்ளிப் பூசிக்கிறான்னு சொன்னாரு."

"எனக்கு இருக்கறது முப்பத்திரண்டு பல்லுகூட இல்ல. டியூப் டியூபா எங்கம்மா பூசுவேன்?" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை. "சரி, நாளைக்கு நான் கிளம்பிடுறேன். உனக்கும் நிம்மதிதானே?"

"எனக்கா? என்கூட இருக்கப் பிடிக்கலன்னு ஹாஸ்டல் கேட்டதே நீங்கதானாமே. நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியாம அழுதுக்கிட்டு இருக்கேன்" என்றாள். கண் வீங்கித்தான் இருந்தது. நான்தான் கவனிக்கவில்லை.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் வீட்டிலேயே ஒருவன் அதைச் செய்துகொண்டிருந்தான்.

வாசல் கதவைத் திறந்துகொண்டு தம்பி வந்தபோது நாங்கள் இருவரும் ஒன்றாக நிற்பதைப் பார்த்தான். என் விரலைப் பார்த்தான். முகம் வெளிறிப்போயிற்று.

"அன்னிக்கு கடை மூடியிருந்துச்சு" என்றான். "பழசை வேற சுரண்டிட்டேன். பள்ளமாத் தெரிஞ்சா இவ கோவிச்சுக்குவா. ரெண்டு நாளைக்குத் தாங்கட்டும், அப்புறம் நல்லதாப் பண்ணிடலாம்னுதான்... அப்புறம் சொல்ல வாய் வரல. நேத்து இவ மேஸ்திரியக் கூப்பிடணும்னு ஆரம்பிச்சா. வந்தா தோண்டிப் பாத்துடுவான். நீ போயிட்டா, தானாக் காய்ஞ்சுடும், மேஸ்திரி வேணாம்னு சொல்லிக்கலாம்னு..."

"அதுக்கு அக்காவையா வெளிய அனுப்புவீங்க?" என்று அவள் சீறினாள். "என்கிட்ட உண்மையைச் சொன்னா என்ன?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீ கோவிச்சா மாசக்கணக்கா பேச மாட்டே. அக்கா அப்படி இல்ல. கத்துவா. கத்தி முடிச்சுட்டு, சாப்பிட்டியான்னு கேப்பா."

அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. அன்று முதல் அவனுக்கு எல்லாம் நான்தான். எவ்வளவு மிதித்தாலும் இவள் எங்கே போய்விடுவாள் என்று கணக்குப் போட்டிருக்கிறான், பாவி. கிழி கிழி என்று கிழிக்க வாயைத் திறந்தேன். பிறகு அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

அவளைப் பார்த்து மட்டும் சொன்னேன். "நான் எங்கயும் போகலம்மா. நீயும் ஒரு கத்தி கொண்டா."

அவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். இடுக்கு இடுக்காக அந்தக் கண்றாவியைத் தோண்டி எடுத்தோம், தூசு தட்டினோம். நான் கிரவுட்டைக் குழைத்து ரப்பர் பட்டையால் அழுத்தினேன். அவள் பின்னாலேயே ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, திட்டிடுக்கா" என்றான் வாசற்படியில் நின்றவன். அடுத்த இடுக்குக்கு நகர்ந்தேன். "ரெண்டு அடி வேணாலும் அடிச்சுடு. இப்படி இருக்காதக்கா" என்று கெஞ்சினான்.

வேலை முடியும்போது பொழுது சாய்ந்திருந்தது. வந்ததிலிருந்து அவன் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எனக்குத் தெரியும். சாப்பிட்டியா என்று நான் கேட்கவில்லை.