கடைசிப் பலகை

ஈய அணுக்கருக்களை மோதவிட்டு, அதில் தெறிக்கும் துகள்களைப் பிடிக்கும் கருவி அது. மூன்று மாடி உயரம். அதன் நடுவில் இருந்த பழசையெல்லாம் கழற்றிவிட்டுப் புது உணரிப் பலகைகளைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். பலகைகளில் தலைமுடியைவிட மெல்லிய அலுமினியக் கம்பிகளை ஒட்டுபவர் அண்ணன். ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் ஊசி. அடுத்த மேசையில் தங்கை. குட்டிக் கொக்கியால் கம்பியை இழுத்து, ஒட்டு தாங்குகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அண்ணன் கட்டுவதைத் தங்கை அறுக்கிறாள் என்று கேலி பேசுவார்கள்.

அண்ணனின் வலது கை நடுங்கத் தொடங்கியதை முதலில் கண்டவள் அவள்தான். அண்ணியிடம்கூட அவர் மூச்சுவிடவில்லை. காலை மாத்திரையின் தயவில் மதியம்வரை கை சொன்ன பேச்சைக் கேட்கும். அப்புறம் கேட்காது. அன்றன்று கடைசியாக முடிந்த பலகையைத்தான் இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது அங்கே விதி. ஆள் களைத்திருக்கும்போதுதானே வேலை பிசகும். அவளோ காலையில் முடிந்த பலகையை இழுத்தாள். கம்பிகள் உடும்புப்பிடியாக நின்றன. மொத்தத்துக்கும் 'பாஸ்' போட்டாள். அந்த நாற்காலி போனால் அண்ணன் உடைந்துபோவார் என்று பயந்தாள். பாசம் கண்ணை மறைத்தது என்றும் சொல்ல முடியாது, கண் நன்றாகத்தான் தெரிந்தது.

பலகைகள் உள்ளே போயின. சுற்றியிருந்த காந்தத்தை மூடினார்கள். இனி வருடக்கணக்கில் திறக்க முடியாது. குளிரூட்டி, மின்சாரம் கொடுத்ததும் திரையில் கட்டம் கட்டமாக இருட்டடித்தது. செத்துக் கிடந்த பலகைகள் எல்லாம் மதியத்துக்குப் பிறகு ஒட்டியவை.

திட்டத் தலைவி கத்தவில்லை. "இத்தனை கம்பி விட்டுப்போயிருக்கு. உன் கைக்கு எப்படிம்மா தப்பிச்சுது?" என்று மட்டும் கேட்டார். அவள் எழுந்து கதவைத் திறந்தாள்.

வெளியே நடைவழிப் பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். நடுங்கும் கையை மறைக்கக்கூட இல்லை.

"அண்ணா, கடைசிப் பலகையை நான் இழுக்கவே இல்ல. உன்னை வேலைய விட்டு நிறுத்திடுவாங்களேன்னு பயந்துட்டேன்."

அவர் நகர்ந்து அவளுக்கு உட்கார இடம் விட்டார்.

"கை போச்சுன்னு என் வாயால சொல்லத் தைரியம் வரலம்மா. தினமும் கடைசிப் பலகையை உன் மேசையில வெச்சுட்டு, இன்னைக்கு அறுந்திடும், இவளே என்னை நிறுத்திடுவான்னு காத்துக்கிட்டிருந்தேன். நீ பாஸுன்னு சொன்னதும், சரி, கை இன்னும் இருக்குன்னு நம்பி மறுநாளும் வந்து உக்காந்தேன்."