பிறம்ரன் பக்கம் திரும்பிய துவக்கு

விசயதசமிக்கு மறுநாள் காலையில் மோகனசுந்தரத்தின் கராஜில் இருந்த துவக்கு மேற்கே உள்ள பிறம்ரன் நகரின் பக்கம் திரும்பியது. முதல் நாள் அதன் வாய் பனி அள்ளும் மெசினை நோக்கி, வடக்கே இருந்தது. காலையில் அதே மேசையில், அதே துணியின்மேல், மேற்கே பார்த்துக் கிடந்தது. தான்தான் மாற்றி வைத்திருக்கவேண்டும் என்று நினைத்து அதை நேராக்கிவிட்டு அவர் வேலைக்குப் போனார். பின்னேரம் வந்தபோது அது மறுபடியும் மேற்கே திரும்பியிருந்தது. துணி கசங்கியிருக்கவில்லை.

அந்தத் துவக்கு நூற்றைம்பது வருடத்துப் பழைய துப்பாக்கி. ஒஷாவாவுக்கு வெளியே ஒரு பண்ணைவீட்டைக் காலிசெய்து விற்றபோது, தானியக் கொட்டிலின் பின்சுவரில் முட்டுக்கொடுக்கும் தடியாக நின்றதை அவர் வாங்கினார். அவ்வளவு பழைய துவக்குக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று விற்றவர் சொன்னதை நம்பாமல் பொலிசிலும் கேட்டு உறுதிசெய்தார். குழலுக்குள் குளவிக்கூடு இருந்தது. ஆணிகள் துருவோடு துருவாக ஒட்டியிருந்தன. மோகனசுந்தரம் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் நிற்பவர், அவசரப்படத் தெரியாதவர். ஓர் ஆணியைக் கழற்ற ஒரு வாரம் மண்ணெண்ணெயில் ஊறவிட்டார். இரும்புப் பஞ்சால் துருவை மெல்ல மெல்ல எடுத்தார். வெடித்திருந்த கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயைக் கோடை முழுவதும் பூசினார். உடைந்துபோயிருந்த வில்லுக்குப் பதிலாகப் புதியதைத் தானே அடித்துப் போட்டார். குதிரை என்று சொல்லப்படும், வெடிமருந்தைத் தட்டும் சிறு சுத்தியல் முதன்முறையாக அசைந்தபோது அவர் இரண்டு அடி பின்னால் போனார்.

அவருக்குத் துவக்கென்றால் பயம். அது எல்லோருக்கும் தெரிந்ததற்குக் காரணம் அவருடைய மனைவி பாலேஸ்வரியின் அண்ணன் இராஜரட்ணம். பார்க்டேலில் ஒரே அப்பார்ட்மென்றில் இரண்டு குடும்பமும் இருந்த காலத்தில் மோகனசுந்தரமும் பாலேஸ்வரியும் காலை ஷிப்டுக்குப் போக, மகள் நிலாணியைக் கையில் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனவர் இராஜரட்ணம்தான். பிறகு அவர் பிறம்ரனில் லொறிக் கம்பனி ஒன்றில் மேற்பார்வையாளரானார். இவர்கள் ஸ்காபரோவில் வீடு வாங்கினார்கள். புதுவீட்டுக் குடிபூரல் விருந்தில், கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு, வந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்க இராஜரட்ணம் சொன்னார்: "ஊரில ஆமியின்ர துவக்கைக் கண்டா மோகன் கட்டிலுக்குக் கீழதான். இப்ப பேஸ்மென்ற் கிடைச்சிருக்கு. இனிக் கட்டில் தேவையில்லை." எல்லோரும் சிரித்தார்கள். மோகனசுந்தரமும் சிரித்தார். அதன்பின் மச்சானோடு ஒரு சொல்லும் பேசவில்லை. வருடங்கள் போயின. செத்தவீடுகளில் இருவரும் எதிரெதிர் மூலைகளில் நின்றார்கள்.

தவறு நடந்தது சரஸ்வதி பூசையில். பாலேஸ்வரி வழக்கம்போல வீட்டிலுள்ள தொழிற்கருவிகளுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். ஸ்பானர்கள், டிறில், நிலாணியின் லப்ரொப், கார்த் திறப்புச் சாவி, பனி அள்ளும் மெசின். மேசையில் பளபளவென்று கிடந்த துவக்கையும் விடவில்லை. பூசைக்கு வைத்த கருவியை விசயதசமியன்று எடுத்து ஒருமுறையாவது வேலைசெய்யவேண்டும் என்பது முறை. அன்று காலை மோகனசுந்தரம் ஓர் ஆணியை முறுக்கினார், ஒரு பலகையில் துளையிட்டார், பனியே இல்லாத வாசலில் பனி மெசினை ஓடவிட்டார். நிலாணி ஓர் ஈமெயில் அனுப்பினாள். கார் தெருமுனைவரை போய் வந்தது. துவக்கு மட்டும் மிஞ்சியது.

"உந்தத் துவக்கை என்ன செய்யிறது? ஆரைச் சுடுறது?" என்றார் மோகனசுந்தரம்.

"வேற ஆரை? என்ர அண்ணையைத்தான். உங்கட நெஞ்சுக்குள்ள வேற ஆர் இருக்கினம்?" என்றாள் பாலேஸ்வரி.

இருவரும் சிரித்தார்கள். துவக்கு அதை வேலையாக எடுத்துக்கொண்டது.

அது பிறம்ரனைப் பார்க்கவில்லை, ஓர் ஆளைப் பார்க்கிறது என்று தெரியவரக் கார்த்திகை மாதமாகிவிட்டது. ஒரு சனிக்கிழமை துவக்கு தென்மேற்கே திரும்பியது. அன்று தலைமயிர் வெட்டப் பார்க்டேலுக்குப் போயிருந்ததாக இராஜரட்ணம் தங்கைக்குப் போனில் சொன்னார். மொன்றியலில் நடந்த கலியாணமொன்றுக்கு அவர் போனபோது குழல் அரைவட்டம் அடித்துக் கிழக்கே நின்றது, ஞாயிறு பின்னேரம் மெதுவாகத் திரும்பி வந்தது. அவர் கிட்ட வரவரக் குதிரை தானாக மேலெழும்பியது, தூரப் போகப்போகத் தாழ்ந்தது. கராஜின் மேற்குச் சுவருக்கு அப்பால் இருந்தது குசினி. பாலேஸ்வரி அடுப்படியில் நின்று சமைக்கும்போது முதுகில் ஓரிடம் குளிர்ந்தது. அவள் விலகி நின்று, கையை எட்டிக் கறியைத் துழாவப் பழகிக்கொண்டாள்.

மோகனசுந்தரம் துவக்கை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். காலையில் அலுமாரி திரும்பியிருந்தது. பகுதி பகுதியாகக் கழற்றி மேசையில் பரப்பினார். குழல், கட்டை, வில், குதிரை எல்லாம் மேற்கே திரும்பின, ஆணித் தலைகளின் வெட்டுக்கள்கூட ஒரே திசையில் வரிசையாக நின்றன. அதற்குமேல் பொறுக்கமுடியாமல் மறுபடி பொருத்திவைத்தார். ஒஷாவாவில் பழம்பொருள் சேர்க்கும் வெள்ளைக்காரர் ஒருவர் வாங்கிப்போய், சுவரில் நேராக நிற்கவில்லை என்று திருப்பிக் கொண்டுவந்து தந்தார். உள்ளே சன்னம் இல்லை, அந்த அளவில் குண்டு செய்வாரும் இல்லை என்பது மோகனசுந்தரத்துக்குத் தெரியும். அந்த எண்ணம் அவருக்கு ஆறுதல் தரவில்லை. கோயில் ஐயரிடம் பாலேஸ்வரி கேட்டாள். "பூசை வைச்ச ஆயுதம் ஒருக்கா வேலை செய்யாமல் அடங்காதம்மா," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அர்ச்சனைக்குப் போனார்.

தை மாதத்தில் நிலாணிக்குக் கலியாணம். மாப்பிள்ளை பிரியந்தன், மார்க்கம் நகரில் பல் வைத்தியர். கலியாண நாள் காலையில் பெண்ணின் தலையில் பாலும் அறுகம்புல்லும் வைக்கும் பாலறுகுச் சடங்குக்கு முன் தேங்காய் உடைப்பது தாய்மாமனின் உரிமை. வேறு யாரையாவது வைத்து உடைக்கலாம் என்று மோகனசுந்தரம் இழுத்தார்.

"மாமா வராட்டி நோ வெடிங், அப்பா. சீரியஸ்லி," என்றாள் நிலாணி.

பாலேஸ்வரி போன் எடுத்து எல்லாவற்றையும் அண்ணனுக்குச் சொன்னாள். மறுமுனையில் நெடுநேரம் சிரிப்பு. "துருப்பிடிச்ச துவக்கை வைச்சு மச்சான் என்னை வெருட்டுறாராமோ? வாறன் எண்டு சொல்லு."

கலியாண நாள் காலை இராஜரட்ணம் நெடுஞ்சாலையில் ஏறியதை அவர் போன் செய்வதற்கு முன்பே வீட்டார் அறிந்தார்கள். குதிரை கால்வாசி எழும்பியிருந்தது. விமான நிலையத்தைத் தாண்டியபோது பாதி. வீட்டுக்குள் எல்லாம் மரத்தரை, வாசலில் உப்புத் தூவிய பனிக்கட்டி. அதனால் தேங்காய் உடைப்பதற்குக் கராஜின் கொங்கிரீட் தரையை விட்டால் வேறிடம் இல்லை. நிலாணி ஈரத்தலையோடு குசினிக் கதவடியில் நின்றாள். தேங்காய் தரையில் வாழையிலைமேல் இருந்தது. வாசலில் கார்க் கதவு அடிபடும் சத்தம் கேட்டது. மேசையில் கிடந்த துவக்கின் குழல் ஒரு முழம் திரும்பி வாசலுக்கு நேரானது. குதிரை முழுவதும் பின்னால் சாய்ந்து 'கிளிக்' என்று நின்றது.

இராஜரட்ணம் பட்டு வேட்டி, பட்டுச் சட்டையோடு உள்ளே வந்தார். குழல் அவருடைய நெஞ்சுக்கு உயர்ந்தது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சநேரம் அப்படியே இருந்து, பிறகு போய்விட்டது. மோகனசுந்தரம் இடையில் போய் நின்றார். குழல் அவரைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனது. அவரும் இடப்பக்கம் போனார். வலப்பக்கம் வந்தது, அவரும் வந்தார். அது மேலெழும்ப, கட்டையான மனிதரான அவர் குதிக்காலை உயர்த்தி நின்றார்.

"விலகும் மச்சான்," என்றார் இராஜரட்ணம். "விசர் வேலை பாக்காதையும்."

"நீர் வாயை மூடும். உம்மட வாயாலதான் இவ்வளவும்," என்றார் மோகனசுந்தரம்.

சொல்லிக்கொண்டே குழலை இரண்டு கையாலும் எட்டிப் பிடித்தார். எதற்காக அப்படிச் செய்தார் என்று பின்னர் கேட்டவர்களுக்கு, கைக்கு எட்டியது குழல், கண்ணில் பட்டது தேங்காய் என்று மட்டும் சொன்னார். குழலின் வாயைத் தன் வயிற்றுப் பக்கம் வைத்தபடி, மண்வெட்டியைப் போலத் துவக்கைத் தூக்கி, கட்டையால் ஒரு போடு போட்டார். தேங்காய் சரிபாதியாகப் பிளந்தது. குதிரை விழுந்தது. வெடிச் சத்தத்தில் கராஜ் கதவு அதிர்ந்தது. கறுப்புப் புகை எழும்பிக் கூரையில் முட்டி நின்றது.

புகை விலகியபோது இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். மோகனசுந்தரத்தின் பட்டுச்சட்டையில் தொப்புளுக்கு மேலே ஒரு வட்ட ஓட்டை, முதுகில் இன்னொன்று. இராஜரட்ணத்தின் சட்டையிலும் முன்னும் பின்னுமாக அப்படியே. பாலேஸ்வரி இருவரையும் தடவிப் பார்த்தாள். ஒரு கீறலும் இல்லை. இராஜரட்ணம் குனிந்து தண்ணீர் வழியும் பாதிகளைப் பார்த்தார்.

"தேங்காய் உடைக்கிறது என்ர வேலையெல்லோ, மச்சான்," என்றார்.

"ஓம். துவக்குக்கும் ஒரு வேலை குடுக்கவேண்டியிருந்தது. உமக்கு வேற ஒண்டு இருக்கு, உடையும்."

பாலேஸ்வரி இன்னொரு தேங்காய் கொண்டுவந்தாள். இராஜரட்ணம் அதைக் கத்தியால் உடைத்தார். நிலாணிக்குப் பாலறுகு வைக்கும்போது அவர் பாதிப் பாலை அவளுடைய தோளில் சிந்தினார். அதை மோகனசுந்தரம் பார்த்தும் யாரிடமும் சொல்லவில்லை. சட்டை மாற்ற நேரமிருக்கவில்லை. மண்டபத்தில் எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் அந்த ஓட்டைகள் இருக்கின்றன. படக்காரர் கம்பியூட்டரில் அவற்றை மூடித் தருவதாகச் சொன்னபோது, வேண்டாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

குதிரை அன்று விழுந்தபடியே இன்றும் இருக்கிறது, எழும்புவதில்லை. குழல் மட்டும் முன்போலத் திரும்பிக்கொண்டிருக்கிறது. இப்போது இராஜரட்ணம் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார், முன்கூட்டிப் போன் எடுப்பதில்லை. பாலேஸ்வரி கராஜ் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறாள். குழல் தெருப்பக்கம் திரும்பத் தொடங்கியிருந்தால், தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டுவிட்டு, கப்புகளில் மூன்றை எடுத்துக் கழுவுகிறாள்.