பாத்தியில் சைக்கிள் தடம்

டங்!

உப்பளத்தின் நடுவிலிருந்து கிளம்பிய சத்தத்தில், ஒற்றைக்காலில் நின்றிருந்த நாரைகள் மொத்தமாய் எழும்பிப் பறந்தன. சந்தியாவுக்குப் பின்னால் மிதித்து வந்த கலியமூர்த்தி இரண்டு பிரேக்கையும் ஒரே பிடியாய்ப் பிடித்தார். சைக்கிள் நின்றது. அவர் நிற்கவில்லை. ஹேண்டில்பாரைத் தாண்டி மண் ரோட்டில் போய் விழுந்தார்.

"வேகமா போறவங்க விழுவாங்க. மாட்டு வண்டி மாதிரி வந்துட்டு விழுற ஆள இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றார் பின்னால் வந்த அவர் மனைவி சூர்யகலா.

கலியமூர்த்தி சிரிக்கவில்லை. முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டவும் இல்லை. சத்தம் வந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்ல சார், அளத்துல ஏதோ இரும்ப அடிக்கறாங்க. வாங்க போலாம்" என்றாள் சந்தியா. அந்த இடத்தை விட்டுச் சீக்கிரம் போய்விட வேண்டும் அவளுக்கு.

காரணம் இருந்தது. அது அவள் பிறந்து வளர்ந்த இடம். அண்ணன் ஜான்சன் குத்தகைக்கு எடுத்திருக்கும் அளம் அது. சந்தியா அனுமந்தையில் மீன்பிடிக்கும் கடல்காரர் வீட்டுப் பையன் மோகனைக் கல்யாணம் செய்துகொண்டு பாண்டிச்சேரிக்குப் போன அன்று, "இந்த மண்ணுல கால வெச்சா ஒடிச்சிடுவேன்" என்று ஜான்சன் தெருவே கேட்கச் சொல்லிவிட்டான். சுனாமிக்கு அடுத்த நாள் ஓடி வந்தவளைக்கூட, எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்ற ஒரு வார்த்தை சொல்லி, தெருமுனையிலேயே திருப்பி அனுப்பினான். அதற்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

மோகனும் அவளும் பாண்டியில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார்கள். சனிக்கிழமைகளில் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு நிதானமாய் ஒரு சுற்று. ஏற்றம் இறக்கம் இல்லாத தட்டை நிலம். யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம். மரக்காணம் பக்கம் வந்தால், உலகப் போரில் ஜப்பான்காரன் கப்பலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்த சிப்பாய்களின் கான்கிரீட் காவல் அறை உப்பங்கழி ஓரத்தில் இன்னும் இருக்கிறது. ஊரில் அதற்குப் பெயர் ஜப்பான் பொட்டி. அதைக் காட்டிவிட்டு இளநீர் வாங்கிக் கொடுத்தால் சுற்று முடிந்தது. அண்ணன் மண்ணில் கால் வைக்கக்கூடாது, சரி. ரோடு அவன் மண் இல்லையே.

பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் யாரோ துணி துவைக்கும் சத்தம் கேட்டது. தொப், தொப். எந்த வீட்டு வாசல் என்று சந்தியாவுக்குத் தெரியும். கல்லை மாற்றிவிட்டார்களோ என்னவோ, சத்தம் முன்பு போல் இல்லை. அந்தப் பக்கம் திரும்பாமல் பெடலில் கால் வைத்தாள்.

"நில்லும்மா" என்றார் கலியமூர்த்தி. "அவங்க எத அடிக்கறாங்கன்னு பாத்தியா?"

அப்போதுதான் பார்த்தாள். மூன்றாவது பாத்தியின் ஓரத்தில் ஓர் இரும்பு உருளை கிடந்தது. இடுப்பளவு நீளம், நடுவில் பருத்து, ஒரு முனை கூம்பி, மேலெல்லாம் களிமண். கூம்பிய முனையில் ஒரு கம்பியை நட்டுவைத்து, பாவாடை என்ற வயசாளி அதை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்திருந்தார். எதிரே சம்மட்டியைத் தோளில் சாய்த்தபடி ஜான்சன் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இருபத்தஞ்சு வருஷம் மிலிட்டரியில வெடிமருந்து டிப்போவுல இருந்தவன் நான்" என்றார் கலியமூர்த்தி. குரல் தணிந்திருந்தது. "அது ஏரோப்ளேன்லேர்ந்து போடற குண்டு. யுத்த காலத்துல பழகறதுக்கு இந்தக் கழியில போட்டிருப்பாங்க. வெடிக்காம சேத்துல எறங்கினது, கடல் வந்து பொரட்டினப்போ மேல வந்திருக்கணும். அந்தாளு கம்பி வெச்சிருக்கற எடந்தான் அதுக்கு உசுரு."

"அடிச்சா?"

"ஒண்ணும் ஆவாமயும் போவலாம். ஆச்சுன்னா இங்க யாரும் இருக்க மாட்டோம்."

சந்தியா சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வரப்பில் ஓடினாள்.

"அண்ணா! அடிக்காத! நிறுத்துண்ணா!"

ஜான்சன் திரும்பினான். ஒரு நொடி அவன் முகத்தில் ஏதோ ஓடியது. அடுத்த நொடி அது மூடிக்கொண்டது.

"யாரு வந்திருக்கறது பாருங்க மாமா. அனுமந்தை மருமவ!" என்றான் பாவாடையிடம். "இன்னா, டூரிஸ்ட்டுக்கு எங்களயும் சுத்திக் காட்டறியா? டிக்கெட் எவ்ளோ?"

"அண்ணா, அது குண்டு. வெடிகுண்டு. சார் மிலிட்டரில இருந்தவரு, அவரே சொல்றாரு."

"குண்டா!" களி மிதித்துக்கொண்டிருந்த ஆராயி இடுப்பில் கை வைத்துச் சிரித்தாள். "நானுந்தான் குண்டு. வெடிச்சா போயிட்டேன்?"

பின்னாலேயே வந்த கலியமூர்த்தி வரப்பு முனையில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "தம்பி, அந்தச் சம்மட்டிய மெதுவா கீழ வை. கம்பிய யாரும் இழுக்க வேணாம். அப்படியே விட்டுட்டு எல்லாரும் இந்தப் பக்கம் வந்துடுங்க."

"வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிச்சிட்டுப் போங்க சார். ரெண்டு மாசமா இத உருட்டிக்கினு இருக்கோம். ஒண்ணும் ஆவல."

அவன் சொன்னது பொய்யில்லை. மழைக்காலம் முடிந்ததும் பாத்தியின் களியை மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். தரை இறுகாவிட்டால் உப்புத் தண்ணீர் மண்ணுக்குள் போய்விடும். வருகிற உப்பும் சேறாய் வரும். வழக்கமாய் அது காலால் செய்யும் வேலை, முதுகு ஒடிக்கும் வேலை. இந்த வருஷம் சேற்றில் கிடைத்த இரும்பைக் கயிறு போட்டு உருட்டிப் பார்த்தார்கள். தரை கண்ணாடியாய் வந்தது. கயிறு வழுக்குகிறது என்பது மட்டும்தான் குறை. முனையில் கம்பியை அடித்து இறக்கி அச்சு வைத்துவிட்டால் அந்தக் குறையும் தீர்ந்தது.

"போன மாசம் பாண்டியிலேர்ந்து ஒருத்தன் வந்தான்" என்றான் ஜான்சன். "வெள்ளக்காரன் காலத்து சாமானாம். கண்ணாடிப் பொட்டியில வெக்கறானாம். குடுக்க மாட்டேன்னு தொரத்தினேன். இப்போ குண்டுன்னு சொல்லி உன்ன அனுப்பியிருக்கானா? இல்ல உம் புருஷன் ஐடியாவா?"

"சத்தியமா இல்லண்ணா. ஏசு மேல ஆணையா..."

"ஏசு பேர நீ சொல்லாத!" ஜான்சன் சம்மட்டியைத் தூக்கினான். "மாமா, புடி நல்லா."

பாவாடை கம்பியை இறுக்கிப் பிடித்தார்.

ஓடிப்போய்க் கையைப் பிடிக்கலாம். பிடித்த வேகத்தில் சம்மட்டி எங்கே விழும் என்று யாருக்குத் தெரியும்? காலில் விழலாம். இத்தனை நாள் அவன் காத்திருந்ததே அதற்குத்தான். அனுபவித்துப் பார்த்துவிட்டு அப்புறம் அடிப்பான். சொல்லச் சொல்ல இன்னும் ஓங்குகிறவன் அவன். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

சந்தியாவின் கண் பக்கத்துப் பாத்தியில் விழுந்தது.

முடிந்த பாத்தி. வானம் அப்படியே தெரிந்தது அதில். தண்ணீர் கட்டும் வரை அதில் யாரும் கால் வைக்கக்கூடாது. செருப்புக் காலை விடுங்கள், வெறுங்கால்கூடக் கூடாது. ஆறு வயசில் பந்தை எடுக்க ஓரடி வைத்ததற்கு இதே ஜான்சன் காதைத் திருகியது இன்னும் வலிக்கிற மாதிரி இருந்தது அவளுக்கு.

திரும்பி ஓடினாள். கிடந்த சைக்கிளைத் தூக்கினாள். வரப்பில் ஏறி, நேராக அந்தக் கண்ணாடிக்குள் இறக்கினாள்.

சக்கரம் களியைக் கிழித்தது. ஒரு மிதி, இன்னொரு மிதி. பின்னால் பாம்பு போன மாதிரி நீளமாய்த் தடம். சாய்ந்த இடத்தில் ஷூ காலை ஊன்றினாள். கணுக்கால் வரை உள்ளே போனது. பிடுங்கி மறுபடி மிதித்தாள்.

"அடிப்பாவி!" ஆராயியின் அலறல் கழியைத் தாண்டியது. "பாத்தியக் கெடுக்கறாளே!"

சம்மட்டி அந்தரத்தில் நின்றது.

"ஏய்ய்ய்!"

ஜான்சன் கத்திய கத்தலில் பறந்துகொண்டிருந்த நாரைகள் இன்னும் தூரம் போயின. சம்மட்டியை வரப்பில் வீசினான். அது சேற்றில் புதைந்ததைப் பார்த்துக் கலியமூர்த்திக்கு மூச்சு வந்தது.

ஜான்சன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான். பாவாடை கம்பியை விட்டுவிட்டு அவன் பின்னால் ஓடினார். ஆராயி கையில் களி உருண்டையோடு ஓடினாள். அளத்தில் ஒரு ஆள் மிச்சமில்லை.

அதுதானே வேண்டும். சந்தியா அடுத்த வரப்பில் சைக்கிளை ஏற்றி, ஜப்பான் பொட்டியைப் பார்த்து மிதித்தாள். களி அப்பிய சக்கரம் சுற்றவே மாட்டேன் என்றது. முதுகில் ஒரு களி உருண்டை சப்பென்று விழுந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. இன்னும் தூரம், இன்னும் தூரம் என்றே மிதித்தாள்.

காவல் அறையின் சுவரைத் தாண்டும்போது ஜான்சன் கேரியரைப் பிடித்துவிட்டான். சைக்கிள் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். முடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்திக் கையை ஓங்கினான்.

"அடிண்ணா" என்றாள் அவள், மூச்சு வாங்கிக்கொண்டு. "எவ்ளோ வேணா அடி. அங்க மட்டும் போவாத."

"கை அவ மேல பட்டுது, இதாலயே மண்டைய ஒடச்சிடுவேன்!"

சூர்யகலா. ரோட்டைச் சுற்றிக்கொண்டு லேடீஸ் சைக்கிளில் வந்து இறங்கியிருந்தார். கையில் காற்றடிக்கும் பம்ப். "அவ எதுக்குடா உன் பாத்தியில ஓட்டினா? அவளுக்கு இன்னா லாபம்? யோசிச்சியா? உன்ன அங்கேர்ந்து இழுத்துக்கினு வர்றதுக்கு அவளுக்கு வேற வழி இல்ல!"

ஓங்கிய கை கீழே இறங்கவும் இல்லை, அவள் மேல் விழவும் இல்லை.

கலியமூர்த்தி செல்போனைப் பையில் போட்டபடி வந்து சேர்ந்தார். "போலீசுக்குச் சொல்லிட்டேன். ஜீப் வருது. அதுவரைக்கும் யாரும் இந்தச் சொவரத் தாண்டக்கூடாது."

கான்கிரீட்டின் நிழலில் எல்லாரும் மூச்சு வாங்கினார்கள். பாவாடை தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தியாவின் முதுகில் ஒட்டிய களியை ஆராயி வழித்துவிட்டாள்.

"சார்" என்றான் ஜான்சன். வம்புக்காகக் கேட்கும் குரல் இல்லை இது. "ரெண்டு மாசமா உருட்டினோமே. அப்போ ஏன் ஒண்ணும் ஆவல?"

"உருட்டினதுக்குத் தாங்கிச்சு. ஒங்க நல்ல நேரம். இன்னைக்கு ஒரு அடியும் தாங்கிச்சு. தெனம் தெனம் மேல அடி விழுந்தா எந்த அடிக்கு வெடிக்கும்னு செஞ்சவனாலயே சொல்ல முடியாது."

ஜான்சனின் முகம் சாம்பலானது. சந்தியாவின் முடியை விட்டிருந்த கை அவள் மணிக்கட்டுக்கு வந்தது. வலிக்க வலிக்கப் பிடித்தான்.

"இன்னாண்ணா?"

அவன் அவளைப் பார்க்கவில்லை. பனைமரங்களைப் பார்த்தான். காற்று அந்தப் பக்கமிருந்து வீசியது. தொப், தொப்.

"ரெண்டு கெடச்சுது சந்தியா. இன்னொண்ணு மேலதான் அம்மா துணி தொவைக்குது."