பீரோவின் இடது கதவு

பூட்டு உடையவில்லை. ஜன்னல் கம்பி வளையவில்லை. ஆனாலும் வீட்டிலிருந்து சாமான்கள் போய்க்கொண்டிருந்தன. முதலில் மிக்சி. பிறகு தையல் மெஷின். அப்புறம் மனைவியின் கம்பளிச் சால்வை. அவன் அலுவலகம் விட்டு வந்து பார்த்தால், சாமான் இருந்த இடம் மட்டும் தூசி படியாமல் சதுரமாகத் தெரியும்.

துப்பறிய ஒன்றுமில்லை. செத்துப்போன மனைவியின் அக்காவிடம் ஒரு சாவி இருந்தது. மனைவியே கொடுத்தது. அவள் படுத்த படுக்கையாகக் கிடந்த காலமெல்லாம் பகலில் வந்து பார்த்துக்கொண்டது, அவன் அண்ணி என்று கூப்பிடும் அந்த அக்காதான். அவன் வேலைக்குப் போனான். அந்தச் சாவியைத் திருப்பிக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. பூட்டை மாற்றினால் முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிடும். அலாரம் வைத்தால் பழியைத் திருடன் தலையில் கட்டிவிடலாம்.

இன்னும் போகாமல் இருந்தது பீரோவின் இடது கதவுக்குப் பின்னால் தொங்கிய மனைவியின் துணிகள். அதையாவது காப்பாற்றியாக வேண்டும். லீவு போட்டு அலாரக்காரரை வரச்சொன்னான்.

அலாரக்காரர் வேலையைவிடப் பேச்சில் சூரர். ஏணியில் நின்றபடியே போன வாரம் போன வீட்டின் மாமியார் மருமகள் சண்டையைச் சொல்லி முடித்தார். சைரனை மாட்டிவிட்டு அதன் முதுகில் தட்டினார்.

“இது கத்தினா செத்தவங்களே எழுந்து உக்காருவாங்க சார்.”

“உக்காந்தா நல்லதுதான்” என்றான் அவன்.

அலாரக்காரர் சிரித்தார். தனியாகத்தான் சிரிக்க வேண்டியிருந்தது.

வாசல் கதவு, பின்கதவு, ஜன்னல்கள் எல்லாம் முடிந்ததும் அவரைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய் பீரோவைக் காட்டினான். நகையா என்று கேட்டார். துணி என்றான். இடது கதவில் ஒரு வெள்ளைக் காந்தத் துண்டையும் சட்டத்தில் அதன் ஜோடியையும் திருகினார். இரண்டும் விலகினால் அவன் கைபேசிக்குத் தகவல் வரும். ரகசிய எண்ணை அழுத்தாமல் வந்தவர்கள் திறந்தால் சைரனும் கத்தும்.

சிக்கல் கடைசியில்தான் வந்தது. அலாரம் அடித்தால் கம்பெனி முதலில் அவனைக் கூப்பிடுமாம். அவன் எடுக்காவிட்டால் கூப்பிட இரண்டாவதாக ஒரு ஆள் வேண்டுமாம். பக்கத்தில் இருப்பவராக, கையில் சாவியும் தனக்கென்று ஒரு ரகசிய எண்ணும் உள்ளவராக. அப்படி ஒருவர் இல்லாமல் இணைப்பே தர மாட்டார்களாம்.

அவன் யோசித்தான். அம்மா பஸ் பிடித்து வரவே ஒரு நாள் ஆகும். அலுவலக நண்பர்கள் ஊரின் மறுகோடியில். அக்கம்பக்கத்தில் பழகியதெல்லாம் மனைவி. எதிர்வீட்டுக் கதவைத் தட்டினான். அந்த மனிதர் முழுதாகத் திறக்காமலே கேட்டுக்கொண்டார். “நமக்கெதுக்கு தம்பி அந்த வம்பு? அதான் உங்க அண்ணி தினமும் வந்து போறாங்களே. அவங்களையே போட்டுக்கோங்க.”

திரும்பி வந்து, அண்ணியைக் கூப்பிட்டான்.

அவள் ஆட்டோ பிடித்து உடனே வந்துவிட்டாள். இப்போதாவது புத்தி வந்ததே என்று சந்தோஷப்பட்டாள். அலாரக்காரர் காட்டியதையெல்லாம் கவனமாகக் கேட்டு, தன் எண்ணை அழுத்திப் பழகிக்கொண்டாள். அவனைவிடச் சீக்கிரமாகவே பழகினாள். பீரோவுக்கு முன்னால் வந்ததும் நின்றாள்.

“இது எதுக்கு?”

“துணி இருக்கு அண்ணி.”

“துணிக்கா திருடன் வரப்போறான்?”

அலாரக்காரர் திருப்புளியைத் தேடுவதுபோல் ஹாலுக்கு நழுவினார்.

“என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாம்ல தம்பி?”

“நீங்களும் கேட்டு எடுத்திருக்கலாம்.”

“யார்கிட்ட கேக்கறது? அவ இருந்தப்பவே நீ வீட்ல இல்ல.” குரலை உயர்த்தாமலே சொன்னாள். “இதுல இருக்கற ஒவ்வொண்ணையும் துவைச்சு மடிச்சு அவளுக்கு மாத்திவிட்டது நான். கதவைத் திறக்காம சொல்லு பாப்போம், உள்ள என்னென்ன இருக்கு?”

அவன் கதவையே பார்த்தான். ஒரு நீலம் இருந்தது. பச்சையோ? கல்யாணத்துக்கு முன்னால் அவன் வாங்கிக்கொடுத்த புடவை உள்ளே இருக்கிறதா, ஏற்கெனவே போய்விட்டதா, தெரியவில்லை.

ஹாலிலிருந்து அலாரக்காரர் கேட்டார். “அப்ப யார் பேரைப் போடட்டும் சார்?”

“இவங்க பேரையே போடுங்க.”

மறுவாரம் அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோது கைபேசி அதிர்ந்தது. வாசல் கதவு திறந்தது: இரண்டாவது நபர். சற்றுப் பொறுத்து இன்னொன்று. பீரோ இடது கதவு திறந்தது.

வேண்டாம் அண்ணி, அதை வைத்துவிடுங்கள் என்று கூப்பிட்டுச் சொல்லலாம். பேரைத் தேடி எடுத்தான். எதை வைக்கட்டும் என்று அவள் கேட்டால்? கட்டைவிரல் பேருக்கு மேலேயே நின்றது. மேலாளர் அவனைப் பார்த்து ஏதோ கேட்டார். சரியான பதிலையே சொன்னான்.

கதவு மூடியதாகத் தகவல் வர வெகுநேரம் ஆயிற்று.

சாயங்காலம் போய்ப் பார்த்தான். வெறும் ஹேங்கர்கள். அடித்தட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போயிருந்தாள்.

பீரோவின் முன்னால் நின்றிருந்தபோதே அலாரக்காரர் கூப்பிட்டார். புதிதாக மாட்டிய வீடுகளையெல்லாம் விசாரிப்பது வழக்கமாம். எப்படி சார், எல்லாம் ஒழுங்கா வேலை செய்யுதா?

“செய்யுது” என்றான்.